எழுபத்து மூணாவது ஈ

தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு இருக்குங்கிறது அம்பத்தூருக்கு வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்க ஊரு விளாத்திகுளத்துக்குத் தெக்க. அங்க ஒருத்தனுக்கு ஒண்ணு தெரியலைன்னா உதட்டைப் பிதுக்குவான், போயிருவான். முடிஞ்சுது. இங்க அப்படி முடியாது. கறுப்பு பந்துமுனைப் பேனாவால வட்டத்துக்குள்ள முழுசா நிரப்பணும். கோடு தாண்டி மை வெளிய வந்துட்டா, நமக்குத் தெரியாதுங்கிறதே செல்லாமப் போயிரும்.

அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கிற ஆணையம் வைக்கிற எழுத்துத் தேர்வைச் சொல்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டின்னு நாலு விடை இருக்கும். அஞ்சாவதா ஒரு E. அதுக்கு நேரா 'விடை தெரியவில்லை'ன்னு போட்டிருக்கும். நாங்க அதை ஈன்னு சொல்லுவோம். விடை தெரியலைன்னா சும்மா விட்டுட்டுப் போகக்கூடாது. ஈயை நிரப்பி, தெரியலைன்னு ஒத்துக்கணும். விட்டா மார்க்கைக் குறைப்பாங்க. கடைசியில எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை ஈன்னு எண்ணிக் கட்டத்துல எழுதணும். எண்ணிக்கை தப்பினா அதுக்கும் குறைப்பாங்க. அறிவு கம்மியா இருந்தா பொறுத்துக்குவாங்க, கூட்டல் கம்மியா இருந்தா விடமாட்டாங்க.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்தேன். ரூம் கொரட்டூர்ல, ஏரிக்கரை ஓரம். ரூம்ல பேசுறதுக்கு ஃபேன் மட்டும்தான், அதுவும் ரெண்டாம் நம்பருக்கு மேல பேசாது. அடுத்த வருஷம் எனக்கு வயசு வரம்பு தாண்டிரும். அதுக்கப்புறம் அரசாங்கம் என்கிட்ட ஒரு கேள்வியும் கேக்காது. இந்தத் தடவை எழுதுறதுதான் கடைசி.

"இந்தத் தடவையாவது ஆயிருமாய்யா?"ன்னு அம்மா போன்ல கேட்டா.

"ஆயிரும்மா"ன்னு சொன்னேன்.

அப்ப நான் அகாடமியில சேரலை. சேர்ந்திருந்தா சரியான விடையைச் சொல்லியிருப்பேன்.

அகாடமி பேரு 'அரசாணை அகாடமி'. அம்பத்தூர் ஓ.டி.யில ஒரு சந்துக்குள்ள, பரோட்டா கடைக்கு மேல. கீழ கொத்து பரோட்டா போடுற தாளத்துலதான் மேல அரசியலமைப்புச் சட்டம் நடக்கும். நடத்துறவரு பக்தவத்சலம் சார். தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. முதல் நாள் வந்து போர்டுல பெருசா ஒரு E எழுதினாரு. அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டாரு. கொஞ்ச நேரம் அதையே பாத்தாரு. சாமி கும்பிடப் போறாருன்னு நினைச்சேன்.

"என் சர்வீஸ்ல ஒரு மெமோ கிடையாது. எப்படி? ஒரு நாள் கூட நான் தெரியும்னு சொன்னதில்ல. தெரியும்னு சொன்னான் பாருங்க, அவன் டேபிளுக்கு ஃபைல் வரும். தெரியாதுன்னு சொன்னவன் டேபிளுக்கு டீ வரும். ஒரு பெரியவர் பட்டா மாத்த வந்தாரு. நான் ஈ. அடுத்த டேபிளுக்குப் போனாரு, அவனும் ஈ. எல்லா டேபிளையும் சுத்திட்டு வருஷம் கழிச்சு திரும்ப என்கிட்டயே வந்தாரு. அப்பவும் நான் ஈ. கொள்கையில மாறவே இல்ல. ஆணையம் என்ன விவரமில்லாமயா அஞ்சாவது வட்டத்தை வெச்சிருக்கு? யாரு சர்வீஸுக்கு லாயக்குன்னு அதுலதான் பாக்குது."

எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க. நானும் எழுதிக்கிட்டேன். 'ஈ = டீ'.

எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன் ஜெகன். பழைய அம்பத்தூர் ஆளு. அவங்க நெல்லு போட்ட இடத்துல இப்ப பெரிய குடோன் நிக்குது.

"எங்க நைனா நெலத்த குட்த்துட்டாரு மாமே. அதே எட்த்துல செக்யூரிட்டியா போயி குந்தினா அசிங்கம். கவர்மெண்ட்டுன்னா கெத்து. அதான் எய்திகினே கீறேன்."

"பாஸ் ஆனியா?"

"பாஸா? நான் எய்தறேன்னு தானே சொன்னேன்?"

முதல் ரெண்டு வாரம் புத்தகமே கிடையாது. வட்டம் நிரப்புற வகுப்பு மட்டும். முதல்ல மணிக்கட்டைச் சுத்தணும், அப்புறம் மூச்சை இழுத்துப் பிடிக்கணும், அப்புறம்தான் பேனாவை வைக்கணும். சார் பூதக்கண்ணாடியோட ஒவ்வொருத்தரா வருவாரு.

"நடுவுல வெள்ளை தெரியுது பாரு. உன் சந்தேகம் வெளிய தெரியுது. தெரியாதவன் தெளிவாத் தெரியாதவனா இருக்கணும்."

ஜெகனோட வட்டம் எப்பவும் நீளவாக்குல போயிரும்.

"இது என்னடா? முட்டையா?"

"ஊட்ல அம்மாவும் அத்தான் சார் சொல்லிச்சு. நீ எட்க்கப் போறது முட்டைதான்னு."

அடுத்தது கூற்று, காரணம். ஒரு கூற்று குடுப்பாங்க, ஒரு காரணம் குடுப்பாங்க. ரெண்டுல எது சரி, எதுக்கு எது விளக்கம்னு சொல்லணும். 'கூற்று: செம்பரம்பாக்கம் ஏரியில் நீர் உள்ளது. காரணம்: அது ஓர் ஏரி.' இதை வெச்சு சார் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஓட்டினாரு. போன கோடையில நாங்க பாத்தப்ப அந்த ஏரியில தண்ணியே இல்லைன்னு ஜெகன் சொன்னான். "நீ பாத்தது பாடத்திட்டத்துல கிடையாது"ன்னு சார் சொல்லிட்டாரு.

இது மண்டைக்குள்ள போயிருச்சுன்னா வெளிய வராது. சந்து முனையில பூங்காவனம் அக்கா டீக்கடை. ஜெகன் கிளாஸை வாயில வெச்சான், கீழ வெச்சான்.

"கூற்று: டீ ஆறிப்பூட்ச்சு. காரணம்: அக்கா போன்ல பேசிகினு இர்ந்துச்சு."

"கூற்று சரி, காரணம் சரி"ன்னு நான் சொன்னேன். "ஆனால், காரணம் கூற்றுக்கான சரியான விளக்கம் அல்ல. நீதான் லேட்டா எடுத்த."

"கூற்று: ரெண்டும் தண்டம்"னு அக்கா சொல்லுச்சு. "காரணத்த ஒங்க ஊட்ல போயி கேளுங்க. கெளம்புங்கடா, கிளாஸ் கய்வணும்."

அன்னிக்கு அம்மா போன் பண்ணா. "என்னய்யா சாப்பிட்ட?"ன்னு கேட்டா.

"நாலு விடை சொல்லும்மா. அதுல இருந்து சொல்றேன்"னு நான் சொல்லிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலை. அப்படித்தான் வருது.

அம்மா யோசிச்சு, "இட்லியா, தோசையா, சோறா..."ன்னு வந்து நின்னா. நாலாவதைச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்தா. "பட்டினியாய்யா?"

நான் அஞ்சாவதைச் சொன்னேன்.

பரிட்சைக்கு எனக்கு வந்த சென்டர் நசரத்பேட்டை. ஜெகனும் நானும் ஒரே பிரௌசிங் சென்டர்ல அடுத்தடுத்து அப்ளை பண்ணதால ஒரே ரூம், முன்னும் பின்னும். ஹைவே ஓரத்துல பள்ளிக்கூடம். ஞாயித்துக்கிழமை. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் கடை. வாசல்ல பெல்ட்டை அவுக்கச் சொன்னாங்க, வாட்சை அவுக்கச் சொன்னாங்க, என் கறுப்புக் கயித்தை ரெண்டு தடவை உருட்டிப் பாத்தாங்க. கைவீசிக்கிட்டு உள்ள போனது மீன் கடை ஈ மட்டும்தான்.

ரூமுக்கு ஷோபனா டீச்சர். நல்ல மாதிரி. ஆனா கையில இருந்த விதிமுறைப் புத்தகத்தைப் பாக்காம ஜன்னலைக் கூடத் திறக்க மாட்டாங்க.

எனக்கு அன்னிக்கு நல்லாவே ஓடுச்சு. வரிசையாத் தெரிஞ்சுது. ஈயே போடலை. பக்தவத்சலம் சார் பாத்தா வருத்தப்படுவாரேன்னு கூட இருந்துச்சு. எழுபத்து மூணாவது கேள்விக்கு வந்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு எது? ரெண்டாயிரத்து அஞ்சு. பி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பேனாவைக் கொண்டு போனேன். அப்ப அந்த மீன் கடை ஈயில ஒண்ணு வந்து தாள்ல உக்காந்துச்சு.

கை யாரைக் கேட்டுச்சு? பட்டுன்னு அடிச்சிருச்சு.

கையை எடுத்துப் பாத்தா, எழுபத்து மூணாவது கேள்வியில, E வட்டத்துக்குள்ள, ஈ செத்துக் கிடக்கு. கோடு தாண்டலை. நடுவுல வெள்ளை தெரியலை. ரெண்டு இறக்கை மட்டும் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. ரெண்டு வாரம் பயிற்சி எடுத்த நான் ஒரு தடவை கூட அவ்வளவு சுத்தமா நிரப்பினதில்ல.

ஊதலாம்னு வாயைக் குவிச்சேன். "தொடாதீங்க!"ன்னு ஷோபனா டீச்சர் ஓடி வந்தாங்க.

"தொடலை மேடம். ஊதுறேன்."

"விடைத்தாள்ல எந்த மாற்றமும் செய்யக்கூடாதுன்னு இருக்கு. ஊதுறது மாற்றமா இல்லையான்னு பாக்கணும். இருங்க." புத்தகத்தைப் புரட்டினாங்க. "மழை வந்தா இருக்கு. மயக்கம் வந்தா இருக்கு. பாம்பு வந்தா கூட இருக்கு... ஈக்கு இல்லையே."

"பாம்பு வந்தா இன்னா மேடம் பண்ணணும்?"னு முன் பெஞ்சுல இருந்து ஜெகன் கேட்டான்.

"எழுந்திருக்காம எழுதணும். திரும்பி உக்காருங்க."

முதன்மைக் கண்காணிப்பாளர் கோதண்டம் சார் வந்தாரு. அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். குனிஞ்சு பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டிப் பாத்தாரு.

"இந்த சென்டர்ல இதுவரைக்கும் ஒரு தப்பும் நடந்ததில்ல தம்பி"ன்னாரு. "ஏன்னா, நடந்த எதையும் நாங்க எழுதி அனுப்பினதில்ல. நீங்க அந்தப் பேரைக் கெடுத்துருவீங்க போல இருக்கே."

"சார், ஒரு ஊது ஊதினா போயிரும் சார்."

"இது உயிரோட இருந்திருந்தா வெளியாள். ஹால் டிக்கெட் இல்லாம உள்ள வந்ததுன்னு விரட்டியிருப்பேன். செத்துட்டதால இப்ப இது விடைத்தாளோட ஒரு பகுதி. தாள்ல இருக்கிறதை நீக்கினா தாளே செல்லாது."

தாள் செல்லலைன்னா பரிட்சை போச்சு. பரிட்சை போனா வயசு போச்சு. "சார், எனக்கு இதான் சார் கடைசி"ன்னேன்.

"அதுக்கும்தான்"னு ஈயைக் காட்டினாரு.

அவரு போன் பண்ணாரு. ஈ பறந்து வந்து கொஞ்ச நேரத்துல பறக்கும் படையும் வந்துருச்சு. ஜீப்புல இருந்து ஹேமநாதன்னு ஒரு அதிகாரி இறங்கினாரு. என் பெஞ்சைச் சுத்தி மூணு பேரும் நின்னாங்க. எனக்குக் கேள்வித்தாள்ல வெளிச்சம் விழலை.

"வேணும்னே அடிச்சீங்களா?"

"இல்ல சார். கை தானா போயிருச்சு."

"யாரு கை?"

"என் கைதான் சார்."

"அதை எழுத்துபூர்வமாக் குடுங்க."

குடுத்தேன். 'அந்தக் கை என்னுடையதே.' கையெழுத்துப் போட்டேன், அதே கையால. பரிட்சைத் தாள்ல முப்பது கேள்விக்கு மேல பாக்கி இருந்துச்சு.

ஹேமநாதன் சார் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாரு. "ஐயா, ஒரு ஈ ஐயா... இல்லீங்கய்யா, அந்த E இல்ல, இது ஈ... ஆமாங்கய்யா, E மேல ஈ... எழுத்து இல்லீங்கய்யா, பூச்சி... இல்லீங்கய்யா, அச்சுப்பிழை இல்ல, பறந்து வந்தது... சரிங்கய்யா. சரிங்கய்யா." வெச்சுட்டாரு.

"என்ன சார் சொன்னாங்க?"ன்னு கோதண்டம் சார் கேட்டாரு.

"சட்டப் பிரிவைக் கேக்கணும்னாங்க. சட்டப் பிரிவு இன்னிக்கு லீவு."

எனக்குப் பொறுக்கலை. "சார், கோவிச்சுக்காதீங்க. இதுக்கு என்ன பண்ணணும்னு இங்க யாருக்குமே தெரியலை. தெரியலைன்னு சொல்லிருங்க சார். நான் ஊதிட்டு எழுதிட்டுப் போயிருவேன்."

மீன் கடையில செதில் உரசுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஹேமநாதன் சார் என் தோள்ல கை வெச்சாரு. குரல் உயர்த்தலை. புள்ளைக்குச் சொல்ற மாதிரிதான் சொன்னாரு.

"தம்பி, தெரியலைன்னு விண்ணப்பதாரர்தான் சொல்லணும். அதிகாரிக்குத் தெரியலைன்னா அதுக்குப் பேரு 'பரிசீலனையில் உள்ளது'."

அப்புறம் உத்தரவு போட்டாரு. உள்ளது உள்ளபடி. ஈயை எடுக்கக்கூடாது. தாள் செல்லும். ஆனா, பி-யை நிரப்பக்கூடாது, நிரப்பினா ஒரு கேள்விக்கு ரெண்டு விடை ஆயிரும்.

"சார், எனக்கு விடை தெரியும் சார். ரெண்டாயிரத்து அஞ்சு சார்."

"தெரிஞ்சிருக்கலாம். ஆனா, தெரியலைன்னு ஆயிருச்சே. கடைசியில எண்ணுறப்ப ஈ கணக்குல இதையும் சேத்துக்குங்க. அடிச்சது நீங்கதானே?"

தாள் ஆணையத்துக்குப் போற வழியில ஈ விழுந்து தொலைஞ்சா யாரு பொறுப்புன்னு கோதண்டம் சார் கேட்டாரு. அதனால ஷோபனா டீச்சர் மேல செலோடேப் ஒட்டினாங்க. டேப் ஓரத்துல மூணு பேரும் சின்னதா கையெழுத்துப் போட்டாங்க. போயிட்டாங்க. ஈக்காகக் கூடுதல் நேரம் குடுக்க விதி இல்லையாம். மிச்சக் கேள்விக்கு நான் பேனாவோட ஓடினேன். ஈ எத்தனைங்கிற கட்டத்துல 'ஒண்ணு'ன்னு போட்டேன்.

வெளிய வந்தப்ப ஜெகன் சொன்னான். "கவலப்படாத மாமே. நம்ம ரூம்ல கவர்மெண்ட்டு மரியாத கெட்ச்சது அதுக்கு மட்டும்தான். மூணு ஆபீசரு கையெய்த்து போட்டு அட்க்கம் பண்ணாங்க பாரு."

ரிசல்ட் வந்துச்சு. ஒரு கேள்வியில போயிருச்சு. எந்தக் கேள்வின்னு சொல்ல வேண்டியதில்ல.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துலயே மனு போட்டுக் கேட்டேன். அந்தச் சட்டம் வந்த வருஷம் எனக்குத் தெரியும்ங்கிறதுக்கு மனுவே சாட்சின்னு நினைச்சேன். பதில் வந்துச்சு. 'தாங்கள் 73ஆம் வினாவிற்கு விடை தெரியவில்லை எனத் தெரிவித்துள்ளீர்கள். தங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தாங்கள் முறையிட இயலாது.' அதுக்குள்ள எனக்கு வயசு வரம்பு தாண்டிருச்சு.

ஊருக்குப் போகலாம்னு பையைக் கட்டி வெச்சிருந்தப்ப பக்தவத்சலம் சார் கூப்பிட்டு விட்டாரு.

"ராஜசேகரா, ஈ போட்டவன் ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். ஈயாலயே ஈ போட்டவன் நீ ஒருத்தன்தான். இங்கயே வாத்தியாரா இரு."

அம்மாகிட்ட வாத்தியார் வேலைன்னு சொன்னேன். "கவர்மெண்ட்டாய்யா?"ன்னா. "கவர்மெண்ட் சம்பந்தப்பட்டது"ன்னு சொன்னேன். தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டா. பையைப் பிரிச்சேன்.

அடுத்த வருஷப் பரிட்சைக்கு ஆணையம் மாதிரி விடைத்தாள் ஒண்ணை வெப்சைட்டுல போட்டுச்சு. எப்படி நிரப்பணும்னு காட்டுறதுக்கு. யாரோ எழுதின ஒரு தாளை எடுத்து, பேரை அழிச்சுட்டு, அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தாங்க. சார் அதைச் சுவர்ல பெருசு பண்ணிக் காட்டினாரு. எழுபத்து மூணாவது கேள்வியில E வட்டத்துல கறுப்பா ஒண்ணு. ரெண்டு சின்ன இறக்கை, ஒரு பக்கமா சாஞ்சு. சுத்தி செலோடேப் பளபளப்பு.

என் ஈ எனக்குத் தெரியாதா?

"எல்லாரும் நல்லாப் பாருங்க"ன்னு சார் சொன்னாரு. "எழுபத்து மூணுக்கு மட்டும் பேனா கிடையாது. ஆணையம் காரணமில்லாம எதையும் அச்சடிக்காது. இந்த வருஷம் இதைத்தான் எதிர்பாக்குது."

ஒரு வாரத்துல ஆவடியில இருந்து பூந்தமல்லி வரைக்கும் எல்லா அகாடமியிலயும் ஈ வகுப்பு ஆரம்பிச்சாங்க. எங்க பசங்க விடியக்காலையிலயே மீன் கடைக்குப் போயி, தீப்பெட்டியில பிடிச்சுக்கிட்டு வருவாங்க. ஈ வகுப்பை நான்தான் எடுக்கணும்னு சார் சொல்லிட்டாரு. எந்த அளவு ஈ, எவ்வளவு வேகம், உள்ளங்கையில எந்த இடம்னு நடத்திக்கிட்டு இருந்தேன். இறக்கை ரெண்டும் இடது பக்கமாச் சாயணும்.

முதல் பெஞ்சுல ஜெகன். அவனுக்கு இன்னும் வயசு இருக்கு. தீப்பெட்டியைக் காதுல வெச்சு ஆட்டிப் பாத்துக்கிட்டே சிரிச்சான். "இன்னா மாமே இது? அப்டியே ஈயடிச்சான் காப்..."

"வாத்தியாரை மாமேங்காதடா!"ன்னு வாசல்ல நின்ன சார் அதட்டினாரு. ஜெகன் மிச்சத்தை முழுங்கிட்டான்.

ஆவடி குவாட்டர்ஸ்ல இருந்து வர்ற திவ்யாங்கிற பொண்ணு எழுந்துச்சு. டேங்க் ஃபேக்டரியில வேலை பாக்குறவரோட மகள். நல்லாப் படிக்கிற பொண்ணு. அதான் கேட்டுச்சு.

"சார், எழுபத்து மூணுல எதுக்கு சார் ஈ?"

இத்தனை வருஷம் படிச்சதுல, எனக்கு நூத்துக்கு நூறு விடை தெரிஞ்ச ஒரு கேள்வியை ஒருத்தங்க என்கிட்ட நேராக் கேக்குறது அன்னிக்குத்தான். ஜெகன் என்னைப் பாத்தான். வாசல்ல இருந்து பக்தவத்சலம் சாரும் பாத்தாரு. கீழ கொத்து பரோட்டா கூட ஒரு நிமிஷம் நின்ன மாதிரி இருந்துச்சு. ஊர்ல அம்மா வாத்தியாருன்னு சொல்லி வெச்சிருக்கா.

"தெரியலைம்மா"ன்னேன்.

சார் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்ததில்ல. "இந்த ஆளைப் போயி எடுக்காம விட்டுட்டாங்களே"ன்னு யார்கிட்டயோ சொல்ற மாதிரி சொல்லிட்டு, எனக்கு டீ சொல்ல கீழ ஆள் அனுப்பினாரு.

திவ்யா தலையை ஆட்டிட்டு உக்காந்துச்சு. தீப்பெட்டியைத் திறந்துச்சு. மூச்சை இழுத்துப் பிடிச்சுது. ஒரே அடி.

போய்ப் பாத்தேன். கோடு தாண்டலை.